நாக்கடியில் கரையும் வரை

யோகேஸ்வரியின் கைகள் இறால் உரித்துக்கொண்டிருந்தன. தலையைத் திருகி எறிந்து, ஓட்டைக் கட்டைவிரலால் பிளந்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பைக் கத்திமுனையால் இழுத்துவிட்டுச் சட்டியில் போடுவாள். கையைப் பார்ப்பதே இல்லை. கண் கடல் மேல் இருக்கும். அணுபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்த வாடிக்கைக்காரர் ஒருவர், "வால் மட்டும் இருக்கட்டும்மா, பசங்களுக்குப் பிடிக்கும்" என்றார். தலையாட்டினாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மணல் பாதை பிரிந்து குப்பத்துக்கு இறங்கும் இடத்தில், ஒரு தார்ப்பாய்க்குக் கீழே அவளும் முனியம்மாவும் மீன் விற்கிறார்கள். தார்ப்பாயின் மூங்கிலில் தொங்கிய தூளியில் யோகேஸ்வரியின் பெண்குழந்தை ஜெயப்பிரியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெயில் இன்னும் ஏறவில்லை. நீலப் படகு கரையை நோக்கி வருவதை யோகேஸ்வரி அப்போது பார்த்தாள். அது அவள் கணவன் போன படகு. வலை போட்டு இழுத்துவிட்டுத் திரும்புகிற நேரம் அது இல்லை. பாதியில் திரும்புகிற படகுக்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று இன்ஜின் கெட்டிருக்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஓடும் சத்தம் கேட்டது. அப்படியானால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது.

கத்தி அவள் கட்டைவிரலில் இறங்கியது.

"ஐயோ, ரத்தம்மா" என்றார் அணுபுரத்துக்காரர்.

"இன்னாடி, கைய பாத்துப் பண்ண மாட்டியா?" என்றாள் முனியம்மா. பிறகு அவளும் கடலைப் பார்த்தாள்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். செங்கல்பட்டில் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் மையம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்காக இந்தக் கரையோர ஊர்களில் வீடு வீடாகப் போய் வருகிறேன். மருந்தை ஒழுங்காகப் போடுகிறார்களா, வீட்டில் நிலைமை எப்படி என்று பார்ப்பது என் வேலை. யோகேஸ்வரியை அப்படித்தான் தெரியும். நான் கண்ணால் பார்க்காத பகுதியை அவளும் வீட்டாரும் பிறகு எனக்குச் சொன்னார்கள்.

அவள் பிறந்தது கோவளம் பக்கத்தில். பிளஸ் டூ முடித்து, நாவலூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலைக்குப் போனாள். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ மாறி, வேலைக்கு ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை என்று இன்றும் பெருமையாகச் சொல்வாள். கலையரசனைக் கட்டிக்கொண்டு இந்தக் குப்பத்துக்கு வந்தாள். கலையரசன் தன் அண்ணன் ராஜாராமின் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவன். நல்ல உழைப்பாளி.

ஒருநாள் நங்கூரக் கயிறு இழுத்து அவன் தோள்பட்டை இறங்கிவிட்டது. கட்டுப் போட்டு ஓய்வெடுக்கச் சொன்னார்கள். மீன் பாடு நன்றாக இருந்த சமயம், யார் ஓய்வெடுப்பார்கள்? கூட வந்த ஒருவன் வலி மாத்திரை கொடுத்தான். வீரியமான மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. வலி போனது, கூடவே களைப்பும் போனது. கொஞ்ச நாளில் அது இல்லாமல் படுக்கையிலிருந்து எழ முடியாத நிலை வந்தது. பிறகு அதே மாத்திரை ஊசி வழியாக உள்ளே போகத் தொடங்கியது.

யோகேஸ்வரி கர்ப்பமாக இருந்தபோது, கவிழ்த்து வைத்த படகுகளுக்குப் பின்னால் அவனைக் கண்டெடுத்தாள். நாவல்பழம் தின்றவன் உதடு போல அவன் உதடு இருந்தது. மூச்சு எப்போதோ ஒருமுறை வந்தது. அவள் அவனை அறைந்தாள், கத்தினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அடிப்பதை நிறுத்தவில்லை. அதனால்தான் பிழைத்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் அங்கே போகாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான்.

மையத்தில் அவனுக்குப் புப்ரெநார்பின் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். சின்ன மாத்திரை. விழுங்கக் கூடாது, மெல்லக் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். மயக்கம் தராது, ஆனால் உடம்பு கேட்கிற கேள்விக்கு ஒரு பதிலைக் கொடுத்து அதை அமைதிப்படுத்தும். மனிதன் எழுந்து வேலைக்குப் போகலாம், சாப்பிடலாம், பெண்டாட்டி பிள்ளை முகத்தைப் பார்க்கலாம். கூடவே சிநேகா என்ற ஆலோசகர் அவனையும் யோகேஸ்வரியையும் உட்கார வைத்துப் பேசுவாள்.

"ஒரு போதைய வுட்டுட்டு இன்னொரு போதயா? ஷோக்கா கீதே வைத்தியம்" என்று முனியம்மா என்னிடமே கேட்டிருக்கிறாள்.

"நீ தினம் சர்க்கரை மாத்திரை போடறியே, அது என்ன போதை?" என்று கேட்டேன். அதன்பிறகு என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மற்றவர்களிடம் எடுத்திருப்பாள்.

தினமும் செங்கல்பட்டுக்குப் போய், நர்ஸ் கண்ணெதிரே மாத்திரையை வைத்துக்கொண்டான் கலையரசன். மாதக்கணக்கில் ஒழுங்காக வந்த பிறகு, ஒரு வாரத்துக்கு உண்டானதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் அவன் மறுபடி கடலுக்குப் போக முடிந்தது. விடியும் முன்னே கிளம்பும் தொழில் அது. செங்கல்பட்டில் மாத்திரை போடுகிறவன் அதற்குப் போக முடியாது.

மாத்திரை ஒரு சின்ன எவர்சில்வர் பெட்டியில் இருந்தது. பூட்டின் சாவி யோகேஸ்வரியின் தாலிக் கயிற்றில். குழந்தை ஒன்றை எடுத்து வாயில் போட்டாலும் உயிர் போய்விடும் என்று நான் சொன்ன நாளிலிருந்து பெட்டியைப் பரண்மேல் வைத்தாள். தினமும் விடியலில் அவன் எதிரே உட்காருவாள். மாத்திரை கரையும்வரை அவன் பேசக் கூடாது. அவளும் பேச மாட்டாள். அந்த வீட்டில் அவர்கள் சண்டை போடாத நேரம் அது ஒன்றுதான் என்று கலையரசன் சிரிப்பான். கரைந்தபின், "யோவ், நாக்கத் தூக்கு" என்பாள். அவன் வாயைத் திறந்து காட்டுவான். பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

அவனுக்கு உடம்பு தேறியது. அவளுக்குப் பயம் போகவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவாள். தூங்குகிறவன் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்ப்பாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கவே மாட்டாள். சிநேகா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். நான், "அவன் மூச்சைப் பார்த்தது போதும், நீ சாப்பிட்டியா?" என்பேன்.

இப்போது அவள் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சரவணகுமார் அக்காவைத் தேடி வந்து, மாமனோடு அதே படகில் தொழிலுக்குச் சேர்ந்தவன். வாயாடி. படகில் பாட்டுப் பாடிக்கொண்டே வலை இழுப்பான். சில மாதங்களாகப் பாட்டு நின்றிருந்தது. வேகிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டான். மூக்கைச் சொறிந்துகொண்டே பேசினான். இந்த அடையாளங்களெல்லாம் யோகேஸ்வரிக்கு மனப்பாடம். ஒருநாள் அவன் சட்டைக் கையை மேலே இழுத்துப் பார்த்துவிட்டாள். அவன் அழுதான். வலை இழுக்கத் தெம்பு வேண்டும் என்றுதான் முதலில் போட்டானாம். யாரிடமும் சொல்லாதே என்றான். அவள் சொல்லவில்லை, என்னிடமும்கூட.

அதற்குக் காரணம் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை ஜெயப்பிரியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். யோகேஸ்வரிக்குக் கூடப்பிறந்தவன் சரவணகுமார் ஒருவன்தான். கணவனின் அண்ணன் ராஜாராமுக்கோ அவன்மேல் சந்தேகம். ஒருநாள் மணலில் வலையைப் பிரித்துக்கொண்டே முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்: "இதபார்டா, என் தம்பி அந்தக் குழில வுயுந்து எயுந்தத நான் பாத்தவன். நீயும் அந்த மாரி ஆளுன்னு தெரிஞ்சுது, எங்க வூட்டுப் புள்ள உன் மடில குந்தாது. போட்லயும் எடமில்ல."

"சத்தியமா இல்ல அண்ணாத்த" என்றான் சரவணகுமார்.

படகு பாதியில் திரும்பிய அன்று விடியலில், ராஜாராமும் கலையரசனும் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போன பிறகு, அவன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"க்கா, மாமாக்குக் குடுக்கறல்ல, அதுல எனக்கு ஒண்ணு குடு. இன்னியோட வுட்டுர்றேன். வெள்ளிக்கெயமக்குள்ள கை நடுங்காம இருக்கணும்."

"மையத்துக்கு வாடா. சிஸ்டராண்ட சொல்றேன்."

"அங்க போனா பஸ்ஸுல பாத்தவன், டீக்கடயில பாத்தவன்னு ஊருக்கே தெரிஞ்சிபூடும். பெரியவரு என்னைய வுட்ருவாரா? ஒண்ணே ஒண்ணுக்கா. மாமா எப்டி எயுந்தாரு, நீதான பாத்த."

அவள் பார்த்திருந்தாள். அதுதான் பிசகு. மாத்திரை உள்ளே போனதையும், சுருண்டு கிடந்த மனிதன் அன்று மாலையே எழுந்து இட்லி கேட்டதையும் பார்த்திருந்தாள். அதற்கு முன்னால் மூடிய கதவுக்குப் பின்னே டாக்டர் கலையரசனிடம் என்ன கேட்டார் என்பது அவளுக்குத் தெரியாது.

பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். தாலிக் கயிற்றில் இருந்த சாவியால் திறந்தாள். கணவனுக்குச் செய்வதைத் தம்பிக்கும் பிசகில்லாமல் செய்தாள். எதிரே உட்கார வைத்தாள், பேசாதே என்றாள், கரைந்தபின் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். சரவணகுமார் கரைக்கு ஓடினான்.

கடலுக்குப் போகத் தெம்பு வேண்டுமென்று சற்று முன்னால்தான் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை.

நீலப் படகு மணலில் ஏறியபோது கரையில் இருந்தவர்கள் எல்லாம் ஓடினார்கள். யோகேஸ்வரி வெட்டுப்பட்ட விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஓடினாள். முதலில் கணவனைத் தேடினாள். கலையரசன் இரண்டு காலில் நின்றிருந்தான். அடுத்த கணம் படகுக்குள் கிடந்தவனைப் பார்த்தாள்.

சரவணகுமார் சுருண்டு கிடந்தான். கை கால் உதறியது. மூக்கும் கண்ணும் ஒழுகின. வாந்தி எடுக்க ஒன்றுமில்லாமல் வயிறு மட்டும் எக்கி எக்கி இழுத்தது. வலியில் கத்துகிறவன் நடுவே கொட்டாவியும் விட்டான். அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

"இன்னாத்த துன்னான்னே தெர்ல" என்றார் ராஜாராம். "வல எறக்கிகினு இருக்கும்போதே சுருண்டுட்டான். தண்ணில குதிக்கப் போனான், ரெண்டு பேரு அமுக்கிப் புடிச்சிகினு வந்தோம்."

"காத்து கருப்பு பட்டுகீது" என்றாள் முனியம்மா. "கொட்டாவி வுடறான் பாரு."

"கம்முனு இரு முனிம்மா. ரோட்டு மேல கம்பவுண்டரு ஒருத்தரு கீறாரு. வலிக்கு ஒரு ஊசி குத்தினா அடங்கிடும். தூக்குங்கடா" என்றார் ராஜாராம்.

கலையரசன் மனைவியைப் படகின் மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனான். "இது நம்ம கேஸுடி" என்றான் காதோடு. "மயிரு குத்திட்டு நிக்கிது பாரு. மருந்து இல்லாம வர்ற நடுக்கம். எனக்குத் தெரியாதா? உன் தம்பி எத்தினி நாளா போடறான்? சரி, அத வுடு. பொட்டியத் தொற. என்து ஒண்ணு குடு, எயுந்துருவான்."

"குடுத்தேன்யா."

"இன்னாது?"

"காலைலயே குடுத்தேன். நீ இன்ஜின எட்த்துகினு போனியே, அப்ப."

கலையரசன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

சொன்னால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். வீட்டு மாத்திரை நின்றுபோகும். கலையரசன் கரையில் நிற்க வேண்டும். பழைய கூட்டாளிகள் நாள் முழுக்க இருப்பதும் கரையில்தான். தம்பிக்கு மடியும் இல்லை, படகும் இல்லை. சொல்லாவிட்டால் தம்பியே இருக்க மாட்டான் என்று அவள் நினைத்தாள். தன் கையால் விஷம் வைத்துவிட்டதாகவே நம்பினாள்.

அன்று நான் வரவேண்டிய நாள். பஸ்ஸை விட்டு இறங்கி மணல் பாதையில் நடந்து வந்தேன். தார்ப்பாய்க்குக் கீழே யாருமில்லை. அணுபுரத்துக்காரர் மட்டும் தூளியை ஆட்டிக்கொண்டு நின்றார். "எல்லாரும் கரைக்கு ஓடினாங்க, குழந்தை எழுந்துக்கிச்சு" என்றார். நான் வேகமாக நடந்தேன்.

"சிஸ்டரு வந்துகினு கீது, வழிய வுடுங்க" என்று முனியம்மா கத்தினாள்.

நாடி பார்த்தேன். வேகமாக ஓடியது. இமையை விலக்கிப் பார்த்தேன், கண்மணி அகன்று விரிந்திருந்தது. தோல் முழுக்க உரித்த கோழியைப் போலப் புல்லரித்திருந்தது. கொட்டாவி வேறு. போதை மாத்திரையை விட்டவனுக்கு வரும் அவஸ்தை இது. ஆனால் அது மெல்லத்தான் ஏறும். இப்படி ஒரே அடியாக வந்து ஒருவனைச் சாய்க்காது.

"காலையில் என்ன போட்டே?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல" என்றான் சரவணகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் கண் ராஜாராமிடம் போனது.

"கம்பவுண்டராண்ட போயிடலாம் சிஸ்டரு" என்றார் ராஜாராம். "ஒரு ஊசி..."

"உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு ஊசியும் கூடாது. அதற்குமேல் இன்னொன்று ஏறினால் மூச்சு நின்றாலும் நிற்கும். யாருக்காவது தெரிந்தால் இப்போது சொல்லுங்கள். நாளைக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை."

அலை வந்து படகின் பின்பக்கத்தை முட்டியது.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் யோகேஸ்வரி. கையில் இறால் ஓடு ஒட்டியிருந்தது, தலைப்பில் ரத்தம். "அவுரு மாத்திரைய. நாக்குக்கு அடில. இவன் ஊசி போடறவன் மாமா. எனக்குத் தெரியும். உங்களாண்ட மறச்சிட்டேன்." கடைசி வார்த்தைகளை ராஜாராமைப் பார்த்துச் சொன்னாள்.

ராஜாராம் அவள் பக்கம் திரும்பினார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நானும் பயந்தேன். "ஐஸு வண்டி கீது" என்றார். "கலை, கால புடி."

மீன் ஏற்றும் அந்தச் சின்ன வண்டியில், ஈரச் சாக்கின்மேல் சரவணகுமாரைக் கிடத்தினோம். குழந்தையை முனியம்மாவிடம் விட்டுவிட்டு யோகேஸ்வரி ஏறினாள். ராஜாராம் ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நடந்தது என்ன என்பதை வண்டியிலேயே அவளுக்குச் சொன்னேன். அவள் மடியில் தம்பியின் தலை இருந்தது. "இந்த மாத்திரை முரட்டு ஆசாமி. உடம்பில் வேறு எது உட்கார்ந்திருந்தாலும் பிடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். முன்னால் போட்டது முழுக்க இறங்கி, அவஸ்தை தொடங்கிய பிறகு கொடுத்தால் ஆளைத் தூக்கிவிடும். அதற்குமுன் கொடுத்தால், உள்ளே இருப்பதையெல்லாம் ஒரேயடியாகப் பிடுங்கி எறிந்துவிடும். கலையரசனுக்குத் தொடங்கும்போது டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார். கடைசியாக எப்போது போட்டாய் என்று."

"நான் கேக்கலயே சிஸ்டரு."

"கேட்கவில்லை."

"க்கா, செத்துருவனா?" என்றான் சரவணகுமார். திருக்கழுக்குன்றம் தாண்டியிருந்தோம். அவன் உதட்டில் வெடிப்பு. கொடுத்த தண்ணீர் எதுவும் தங்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "சாக மாட்டான்" என்றேன். "சாகிற மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டேனே தவிர, நான் அவன் நாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. வாந்தியும் பேதியும் நிற்காதவனுக்கு உடம்பு வற்றினால் எது வேண்டுமானாலும் நடக்கலாம். ஊசியோடு வேறு என்ன கலந்திருந்தான் என்பதும் தெரியாது. ரயில்வே கேட் மூடியிருக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

மையத்தில் டாக்டர் விஜயகுமாரி முதலில் எல்லாரையும் வெளியே அனுப்பினார். ராஜாராம் போனபிறகுதான் சரவணகுமார் வாயைத் திறந்தான். எதை, எவ்வளவு, எப்போது என்று எல்லாம் சொன்னான். குளுக்கோஸ் ஏற்றினார்கள். வாந்திக்கு மருந்து கொடுத்தார்கள். நேரம் பார்த்து டாக்டர் ஒரு மாத்திரையை எடுத்து, அவன் நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். கதவிடுக்கில் பார்த்த யோகேஸ்வரி உள்ளே ஓடி வந்துவிட்டாள்.

"அதேதான டாக்டரு? அதுதான் இவன இப்டி ஆக்கிச்சு!"

"அதேதாம்மா. தள்ள வேண்டியதை ஏற்கெனவே தள்ளியாச்சு. இப்போ காலி இடம். இனிமே இது அவனைத் தாங்கும். நீ போய் உட்காரு."

அவள் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தாள். மத்தியானம் கழிந்து நடுக்கம் தணிந்தது. அவன் தூங்கினான். அது அவளை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. புறங்கையை அவன் மூக்கருகே கொண்டுபோனாள். சிநேகா அந்தக் கையைப் பிடித்து, விரலில் கட்டுப் போடலாம் என்று வெளியே அழைத்துப் போனாள்.

"யாரிடமாவது சொல்லியிருக்கலாமே யோகா? என்னிடம்?"

"சொன்னா எல்லாம் பூடும்னு பயம்."

"சொல்லாம இருந்தப்போ பயம் இல்லையா?"

"அதவிட ஜாஸ்தி" என்றாள் யோகேஸ்வரி. சிநேகா எழுதிக்கொள்ளவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் டீ வாங்கப் போனேன்.

வீட்டு மாத்திரை இனிமேல் கிடையாது என்று டாக்டர் சொன்னபோது கலையரசன் தலை நிமிரவில்லை. வேறொரு வண்டி பிடித்துப் பின்னாலேயே வந்திருந்தான். "தப்பு என்து டாக்டரு" என்றாள் யோகேஸ்வரி. "அவுருக்கு எதுக்குத் தண்டன?"

"தண்டனை இல்லை. பெட்டி வீட்ல இருந்தா, அடுத்து ஒருத்தன் வாசலுக்கு வந்து அழுதா நீ குடுப்பே. உன் மனசு அப்படி. அவர் கொஞ்ச நாள் இங்கே வரட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"கடலு?" என்றான் கலையரசன்.

"மறுபடி போவீங்க. எப்போன்னு இன்னிக்குச் சொல்ல மாட்டேன்."

சரவணகுமாரை அன்று மையத்திலேயே வைத்துக்கொண்டார்கள். எழுந்தவனிடம் சிநேகா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். இதை விட்டுவிட்டு, பழைய நினைப்பில் பழைய அளவை ஒருநாள் போட்டால், உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். மாமனின் உதடு நிறம் மாறியதை அக்கா பார்த்ததுபோல உன்னை யாரும் பார்க்கக் கூட நேரமிருக்காது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

ராஜாராம் சாயங்காலம் வரை வாசலில் ஐஸ் வண்டி அருகிலேயே நின்றார். திரும்பும்போது யோகேஸ்வரியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வெள்ளிக்கெயமைக்குள்ள அவன் கை நடுங்காம நிக்குமா?"

"தெர்ல மாமா."

"ம்" என்றார். முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் விடியலில் ராஜாராம் வேறு இரண்டு ஆட்களோடு படகைத் தள்ளினார். கலையரசன் கரைக்குப் போய் இன்ஜினை மட்டும் தூக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். பிறகு மூன்று பேருமாக, அவன், யோகேஸ்வரி, இடுப்பில் குழந்தை, செங்கல்பட்டு பஸ் ஏறினார்கள். மாமல்லபுரத்தில் நான் ஏறிக்கொண்டேன். அவள் மடியில் எவர்சில்வர் பெட்டி இருந்தது. வழி முழுக்க அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

மையத்தில் பெட்டியை நர்ஸிடம் கொடுத்தாள். மீதி மாத்திரைகளை நர்ஸ் எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பித் தந்தாள். யோகேஸ்வரி தாலிக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி அதற்குள் போட்டாள்.

சரவணகுமார் வார்டிலிருந்து நடந்து வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. மாமனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். யோகேஸ்வரி அவன் முன்னால் போய் நின்றாள்.

"கடசியா எப்ப போட்ட?"

"நேத்து விடியக்காலைல. கடலுக்குப் போறதுக்கு முன்ன. அதுக்கப்பறம் டாக்டரம்மா குடுத்ததுதான்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமாக்கா."

அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் தலையாட்டினாள். ஆளுக்கொரு மாத்திரை. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். யோகேஸ்வரி அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

குழந்தை தாய்மாமனைப் பார்த்துக் கையை நீட்டியது. சரவணகுமார் பேச முடியாமல் இரண்டு கையையும் நீட்டினான். அக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். விரல்நுனி இன்னும் நடுங்கியது. குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல கரையட்டும்" என்றாள்.

அவன் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.